சாயங்காலம் அடிக்கும் போன்

ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. மேடையேறும்போது நம் முதலாளி கதிர்வேல் அவர்கள் என் காதருகில், பயமா என்று கேட்டார். படிக்கட்டில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே, ஒலிபெருக்கி முன்னால் சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், வெளியூர்களிலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளுக்கும், இந்த பேக்கிங் ஹாலில் பனியன் பெட்டிகளை ஓரம் தள்ளி இடம் செய்து கொடுத்த தொழிலாளர்களுக்கும் என் வணக்கம். முன் வரிசையில் இருக்கும் கைருதீன் பாய் அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். 

நம் விற்பனை மேலாளர், பாயின் மனைவி ஷரீபுன்னிசா அக்கா இனி இல்லை. எழுதிப் பார்த்த வாக்கியம்தான் இது. வாய் விட்டுச் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது.

அக்கா எப்படி ஆள் எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். விற்பனைக்கு ஆட்கள் தேவை, பேச்சு சரளமாக வராதவர்களும் வரலாம். யாராவது இப்படி எழுதுவார்களா! அதைப் பார்த்துத்தான் நான் வந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. நல்ல குரல்.

"கடைக்குள்ள ஏறும்போது உங்களுக்கு என்னங்க பயம்?" என்று அக்கா கேட்டார்.

"பயமே கெடையாதுங்க மேடம். கல்லுக்குக்கூட வித்துருவேன்."

"அப்ப கல்லுக்கே வித்துக்குங்க. எங்ககிட்ட கடைக்காரங்கதான் இருக்காங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

அதே கேள்வி எனக்கும் வந்தது. கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று பயம் என்றேன். "அப்ப நீ அவரு மொகத்தையே பாத்துட்டு நிப்பே. நாளைக்கு வா, கண்ணு." அவ்வளவுதான். சான்றிதழ்களை உறையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லை.

இப்படிச் சேர்ந்த பயந்தாங்கொள்ளிகள் ஆறு பேர். இந்தச் சிறிய கம்பெனியின் மொத்த விற்பனைப் படையும் அதுதான்.

ஆறில் சதீஷ்குமார் மட்டும் விதிவிலக்கு. பெரிய கம்பெனியில் இருந்தவர், வாய் ஓயாதவர் என்று கதிர்வேல் அவர்கள் கொண்டுவந்து சேர்த்தார். சதீஷ் அண்ணா, இதைச் சொல்லலாம் என்று நீங்களே அனுமதித்தீர்கள். அவர் சேர்ந்த வருஷத் தீபாவளிக்கு ஆர்டர்கள் குவிந்தன. தீபாவளி முடிந்தது. கொமரலிங்கத்திலிருந்து ஒரு போன். மருதாள் என்ற அம்மாவின் சின்னக் கடை. அக்கா சதீஷையும் அழைத்துக்கொண்டு போனார். கடை வாசல் வரைக்கும் நம் பெட்டிகள். அந்த அம்மா பக்கவாட்டில் நுழைந்துதான் கல்லாவுக்குப் போக வேண்டும்.

"ஏனுங்க, இவ்வளவு வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று அக்கா கேட்டார்.

"இந்தத் தம்பி மூச்சு உட்டாத்தானுங்களே நான் சொல்றது!"

முடிந்த மட்டும் பெட்டிகளை இருவரும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். சதீஷ் கேட்டார்: "அக்கா, என்னை நிறுத்திருவீங்களா?"

"நிறுத்துனா இதையே வேற கம்பெனில போய்ப் பண்ணுவே. இனிமே கடைக்குப் போனா மொதல்ல குடிக்கத் தண்ணி கேளு. குடிச்சு முடிக்கற வரைக்கும் பேசாதே. அலமாரியப் பாரு. எந்த சைஸ் தூசி புடிச்சுக் கெடக்குன்னு பாரு. அதைத் திருப்பி வாங்கிட்டு, விக்கறதைக் குடு."

அன்று முதல் நாங்கள் எல்லோருமே தண்ணீர் கேட்டோம். பழனி வரைக்கும் நமக்குப் பெயரே மாறிவிட்டது. "தண்ணி கேக்கற கம்பெனி வந்துட்டாங்க, சொம்பை எடுத்து வையி" என்பார்கள். சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், அக்காவும் சிரிப்பார். ஒரு கடையில் எண்பத்தைந்து சைஸ் தேங்கிக் கிடக்கும். அதே சைஸைத் தேடி இன்னொரு கடை தவிக்கும். இந்தக் கடையிலிருந்து எடுத்து அந்தக் கடையில் வைப்போம். அக்கா எங்களுக்குச் சொன்ன விற்பனை இதுதான்.

இலக்கு வைத்தாரா? இல்லை. யார் அதிகம் விற்றார் என்று சுவரில் படம் போட்டு வரிசைப்படுத்தினாரா? இல்லை. பிறகு எப்படி நடத்தினார்?

போனில் நடத்தினார். பொழுது சாயும்போது ஆறு பேரும் அவரை அழைக்க வேண்டும். ஆர்டரைப் பற்றிக் கேட்க மாட்டார். "சாப்பிட்டியா? இன்னிக்கு எங்க பயந்தே?" இரண்டே கேள்விகள். எங்கே பயந்தோமோ அங்கே மறுநாள் துணைக்கு ஒருவரை அனுப்புவார். பயப்படவில்லை என்று சொன்னால், "அப்ப இன்னிக்கு நீ கடைக்கே போகலை" என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

தொல்லையாகவும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் எங்கள் ஆறு பேரில் ஒருவரான ஆதிப்பின் அழைப்பு வரவில்லை. அக்கா அந்தப் பாதையில் இருந்த கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். ஒரு மருத்துவமனையிலும் விசாரித்தார். பிறகு பஸ் ஏறிவிட்டார். ஆதிப் போனை அணைத்துவிட்டுப் படம் பார்க்கப் போயிருந்தார்; தியேட்டர் வாசலில் பார்த்த ஒரு கடைக்காரர் அக்காவிடம் சொல்லிவிட்டார். இடைவேளையில் வெளியே வந்தால் அக்கா நிற்கிறார். கையில் முறுக்குப் பொட்டலம்.

"படம் நல்லா இருக்கா, ஆதிப்?"

"பாதிதானுங்க பாத்தேன் அக்கா."

"மீதியையும் பாத்துட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் எப்படி மீதியைப் பார்ப்பார்?

அதற்கு மறுநாள் நான் அக்காவிடம் திருப்பிக் கேட்டேன். நீங்கள் எங்கே பயந்தீர்கள், அக்கா? அவர் ஜன்னல் வழியாகக் கம்பெனி வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தார். "தெனமும்தான் கண்ணு. ரோட்டுல கெடக்கறீங்க. பொழுது சாஞ்சா, ஆறுல ஒண்ணு அடிக்காமப் போயிருமோன்னு." பிறகு சாதாரணமாக சாம்பிள் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

அந்தப் பதிலை நான் மறந்துபோயிருந்தேன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர் சரிந்த நாள் வரைக்கும்.

அந்த நாளைப் பற்றிக் கைருதீன் பாய் என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் அக்காவின் பையை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். உயிர் முன்பே போயிருந்தது. பொழுது சாய்ந்தது. பைக்குள் போன் அடித்தது. "ஒவ்வொரு பேரா வந்துச்சும்மா. ஆதிப். சதீஷ். உம்பேரும் வந்துச்சு. எடுக்கத் தைரியமில்ல. எடுத்தா நான் சொல்லணுமில்ல."

எங்கள் யாருக்கும் தெரியாது. அக்கா எடுக்கவில்லையே என்று நான் கோபப்பட்டேன். ஒரு கடைக்காரர் மேல் புகார் சொல்லக் காத்திருந்தேன்.

அந்தப் பட்டன் போன் கம்பெனியுடையது. பாய் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார். இப்போது அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறைக்குள் பொழுது சாய்ந்தால் இன்னமும் அடிக்கிறது. எதற்கு அழைக்கிறீர்கள் என்று சதீஷைக் கேட்டேன். "பழக்கமுங்க. கை தானாப் போகுது" என்றார். நான் அதே அறையில் உட்கார்ந்திருப்பேன். இழுப்பறை மரம் அதிரும். ஓயும். மறுபடி அதிரும். நான் எடுத்ததில்லை.

கதிர்வேல் அவர்கள் என்னிடம் வெளிப்படையாகப் பேசினார். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பனையை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் ஆறு பேரையும் அனுப்பிவிட வேண்டியதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "எனக்கும் ஊட்டுல தூக்கமில்லீங்க தரணி. மிசின் ஓடோணும். கூட்டம் முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். படிக்கட்டில் கேட்டதும் அதைத்தான். பயமா இருக்குதுங்களா, இல்ல எடுத்துக்கறீங்களா?

அவர் இரண்டில் ஒன்றைக் கேட்கிறார். அக்காவிடம் அவை இரண்டாக இருக்கவில்லை.

எனக்கு விற்பதில் பயமில்லை, பழகிவிட்டது. கடைக்காரர்கள் முகம் திருப்பிக்கொள்வதும் பழகிவிட்டது. போனை எடுக்கத்தான் பயம். எடுத்துவிட்டால், நாளையும் எடுக்க வேண்டும். எடுக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஒன்று அடிக்காமல் போகும். அப்போது யாரைக் கேட்பேன்? என்ன செய்வேன்? அக்கா இவ்வளவு காலமாக இதைச் சுமந்துகொண்டு எங்களுக்கு முறுக்கு வாங்கித் தந்திருக்கிறார்!

ஷரீபுன்னிசா அக்கா, நீங்கள் விட்ட இடத்திலிருந்து வெற்றிநடை போடுவோம் என்று என்னால் சபதம் செய்ய முடியாது. தைரியசாலியாக மாறிவிடுவேன் என்றும் சொல்ல முடியாது. கொமரலிங்கத்து அம்மாவின் கடை வாசல் மறுபடி அடைபடாது. கடை ஏறினால் முதலில் தண்ணீர் கேட்போம். போனை எடுப்பேன். இந்த மூன்றை மட்டும் இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன்.

எங்களில் ஐந்து பேர் இங்கே இருக்கிறோம். ஆதிப் இல்லை. சாமளாபுரத்துக் கடைக்கு இன்று வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். சொன்ன நாளில் போகாவிட்டால் அக்கா திட்டுவார் என்று காலையிலேயே போய்விட்டார். அவருக்கு என் நன்றி.

பொழுது சாயப்போகிறது. நான் இறங்குகிறேன்.

*

தரணி மேடையிலிருந்து இறங்கியதும் கதிர்வேலிடம், "எடுத்துக்கறேனுங்க" என்றாள். அலுவலக அறைக்குப் போய், இழுப்பறையிலிருந்த போனை எடுத்து சார்ஜில் போட்டாள். முதலில் சதீஷ்குமார் அழைத்தார், வாசலில் நின்றபடியே. எடுத்தாள். எங்கே பயந்தீர்கள் என்று கேட்டாள். "இங்கதானுங்க. நீங்க பேசும்போது" என்றார். மற்ற மூவரும் அழைத்தார்கள். ஆதிப் அழைக்கவில்லை. அவருடைய எண்ணுக்கு அடித்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாமளாபுரத்துக் கடையில் யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு சாமளாபுரத்துக்குக் கிளம்பினாள்.