ரோஜாத் தோட்டத்து மெஷினை நகர்த்தியது பற்றி

மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது ஐம்பத்தொன்று. மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்; நான் சொல்லச் சொல்ல இந்தப் போலீஸ் நிலைய எழுத்தர் எழுதுகிறார். கல் அறுத்து மெருகேற்றும் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்து வருகிறேன். என் கணவர் அதே கம்பெனியின் மெருகுக் கொட்டகையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்து, கல் தூசியால் நுரையீரல் கெட்டு, ஏழு மாதத்துக்கு முன்பு இறந்துபோனார். அதன் பிறகு அவருடைய துண்டைத் துவைத்தேன். மூன்றாவது அலசலிலும் தண்ணீர் வெள்ளையாகவே வந்தது. நான்காவது முறை அலசவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. கம்பெனிக்காரர்கள் தங்கள் காற்றைத் தாங்களே அளந்துகொள்ளலாம், காற்று சுத்தம் என்று வாசல் பலகையில் பச்சை விளக்கு எரியும்வரை அதிகாரிகள் சோதனைக்கு வரமாட்டார்கள், தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு எரிந்தால் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். அளக்கும் மெஷின் காம்பவுண்டுக்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. மேனேஜர் அதை ரோஜாத் தோட்டத்தில் வைத்தார். தினமும் துடைப்பது என் வேலை. என் கணவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கிய நாட்களிலும் வாசலில் பச்சைதான் எரிந்தது.

போன திங்கட்கிழமை, சுத்தமான காற்றுக்கான பரிசு வாங்க மேனேஜர் வெளியூர் போனார். அதன் பிறகு நான் மெஷினைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டுபோய் மெருகுக் கொட்டகையில் நிறுத்தினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. என் கொழுந்தன் அங்கேதான் வேலை செய்கிறார். அவருக்கும் இருமல் ஆரம்பித்துவிட்டது.

“என்ன அண்ணி, விருந்தாளியக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“ரோஜாவையே மோந்து மோந்து அதுக்குச் சலிச்சுப் போச்சாம் தம்பி” என்றேன்.

அரை மணி நேரத்தில் மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

“வந்த அன்னிக்கே இந்தக் கத்து கத்துதே! நான் ஒன்பது வருஷமா வாயத் தொறக்கலையே அண்ணி!” என்றார்.

கொட்டகையே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் இருமினார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு நானும் அன்றுதான் சிரித்தேன். மேனேஜர் சொல்லாமல் மெஷினைத் தொட மேஸ்திரிக்குத் தைரியமில்லை.

மூன்று நாளும் வாசலில் சிவப்பு எரிந்தது. அதன் பிறகு, நான்காம் நாள், பரிசுக் கோப்பையும் கையுமாக வந்த மேனேஜர், “அறிவிருக்கா உனக்கு? கொட்டகையில வச்சா சிவப்புதான் காட்டும்னு எனக்குத் தெரியாதா?” என்று கத்தினார். “தெரியும்னா அதை எழுதிக் குடுங்க சார்” என்றேன். கோபத்தில் நேராக இந்த நிலையத்துக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் புகாரை எழுத்தர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். கொட்டகைக் காற்று எப்போதும் சிவப்புதான், அதனால்தான் மெஷினைத் தோட்டத்தில் வைத்தோம் என்று மேனேஜர் கையெழுத்தோடு இருக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்தர் சிரித்துவிட்டார். தான் சிரித்ததை எழுதவேண்டாம் என்றார். நான் எழுதச் சொன்னேன்.

இன்று காலை மேனேஜர் வந்து புகாரைத் திருப்பிக் கேட்டாராம். தயவுசெய்து கொடுக்கவேண்டாம். நாளை அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள், அவர்கள் அதைப் படிக்கவேண்டும். மெஷினை நகர்த்தியது நான்தான். என்மேல் வழக்குப் போடுங்கள். போட்டு, அந்தப் புகாரை முதல் காகிதமாக வையுங்கள்.

இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை.

(கையெழுத்து)