கோடு விழாத பேர்

— செத்தவன் பேரெல்லாம் உயிரோட இருக்கிற பட்டியல்ல, இந்த உமாபதி தன் பேரைத் தேட மாட்டான், துளசி. கொள்கை! மூணு தேர்தலா கொள்கை.

— தெரியும்லா, கிராணி ஐயா. பேப்பருக்கும் எழுதிப் போட்டீங்க. மணி நாலாச்சு. ஆறுக்கு ஓட்டுப் போடற ஸ்கூல் கேட்டைச் சாத்திடுவாங்க. கார் வாசல்லயே நிக்குது.

— ஒழுக்கத்துக்கு ஏதும்மா கேட்டு? நாப்பது வருஷம் எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா இருந்து பேர் பதிஞ்சவன் நான். வராத ஆளை வந்தான்னு எழுதினதுண்டா? ஆளுங்களை மேய்ச்ச உன் தாத்தா ஐயாவு மண்டோரைக் கேளு.

— அவரு தவறி ஆறு வருஷமாச்சே, ஐயா.

— ஆமால்ல. இந்த லயத்து வீட்டு வரிசைல ஞாபகப்படுத்த ஆள் ஏது? பக்கத்து வீட்டு பங்களாதேசிக்காரன் 'அங்கிள்'ங்கறான், நான் 'ஓகே'ங்கறேன். அன்னிக்குப் பேச்சு அதோட சரி.

— பெரிய வேலையா என்ன? அடையாளக் கார்டு ஐசியைக் குடுப்பீங்க. பேரைச் சத்தமாப் படிச்சு, ரூலர் வெச்சு அது மேல கோடு போடுவாங்க. விரல்ல மை. ஓட்டைப் போட்டுட்டு வந்துடலாம்.

— முதல்ல பட்டியலைச் சுத்தம் பண்ணச் சொல்லு!

— அதான் பட்டியலையே கையோட கொண்டாந்துட்டேன். நம்ம தோட்டத்துப் பேர் பூரா பாத்தாச்சு. செத்தவங்க ஒரே ஒருத்தங்கதான்.

— பாத்தியா! எந்த அயோக்கியன் வேலை? சொல்லு, பேப்பர்ல நாறடிக்கிறேன்.

— லீலாவதி. இந்த வீட்டு நம்பர்.

— தாளைச் சரியாப் படிச்சியா?

— உங்க வீட்டுக்காரம்மாதான், ஐயா. கிராணியம்மா கடல் தாண்டி பழனிக்குப் போன இடத்துல தவறினாங்க. சாமி கும்பிட மாட்டேன், கொள்கைன்னு நீங்க கூடப் போகல. இங்க வந்து சாவைப் பதிய வேண்டியவரு நீங்கதானே, ஐயா? எட்டு வருஷமா பதியலையா?

— வேலை இருந்துச்சு.

— என்ன வேலை?

— பேப்பருக்குக் கடிதம் எழுதற வேலை.

— அடடா! சரி விடுங்க. நாளைக்கு நானே பதிவு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஒரு பாரம் நிரப்பினாப் போதும். அவங்க பேரை எடுத்துட்டா உங்க கொள்கை ஜெயிச்ச மாதிரி. இன்னைக்கு உங்க பேர்ல மட்டும் கோடு போட்டுட்டு வந்துடலாம். எழுந்திரிங்க, செருப்பைப் போடுங்க.

— அந்தத் தாளை இப்படிக் காட்டு. … பேரைச் சரியாத்தான் அடிச்சிருக்கான். வீட்டு நம்பரும் சரி, என் பேருக்கும் அதே நம்பர்.

— ஐயா, மணி ஆவுது.

— பழனிக்குத்தான் அவளைத் தனியா அனுப்பிட்டேன். இப்ப என் பேர்ல கோடு விழுந்தா, இந்தத் தாள்லயும் அவ தனியா நிப்பாம்மா.