எச்சில் தொட்ட தண்டவாளம்

காபியில் ஆடை படிந்தால் நான் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் குடிப்பேன். நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அதற்காக என்னை யாரும் ஒரு மாதிரியான ஆள் என்று சொன்னதில்லை. இங்கே நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயையும் அப்படித்தான் குடித்தேன், இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் ஐயா, கவனித்திருப்பீர்கள்.

என் பெயர் தேவநாதன். அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். போன மாதம் என் வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்துபோன அன்பரசு என் மச்சான்; என் மனைவி எழிலரசியின் கூடப்பிறந்த தம்பி. விபத்து என்று எழுதி நீங்கள் கட்டிவைத்துவிட்ட கோப்பு அது. அதில் ஒரு பிழை இருக்கிறது. நாலாவது வரியில் ‘வயரிங் சரியில்லாத காரணத்தால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்தத்தான் வந்தேன். அதைத் திருத்த வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை.

எனக்குப் பொழுதுபோக்கு ரயில். பொம்மை ரயில் என்று எழுதிவிடாதீர்கள், மாடல் ரயில். நிஜ வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. சென்னையில் ஒரு நண்பர் மூலம் வெளிநாட்டு எஞ்சின் வரும். அதை அப்படியே எடுத்து ஓட்டுகிறவன் பணக்காரன், அவ்வளவுதான். நான் அதன் மேல்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நம் விழுப்புரம் மயிலாடுதுறை மீட்டர் கேஜில் ஓடிய டீசல் எஞ்சினாக மாற்றுவேன். உடம்புக்குத் தகரம். காற்று போகிற சல்லடைக்கு டீ வடிகட்டியின் வலை. ஹாரனுக்கு ஊசி போடுகிற சிரிஞ்சின் முள். ஒவ்வொரு ஆணித் தலையையும் கிராமபோன் முள்ளால் உள்பக்கமிருந்து குத்தி எழுப்புவேன். ஒரு பக்கத்துக்கு நூற்று எண்பத்தாறு. பெட்டிகளுக்குச் செங்கல் நிறம் அடித்து, அதன்மேல் கரித்தூளைத் தூரிகையால் ஒற்றி, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நாற்பது வருடம் ஓடிய அழுக்கை ஏற்றுவேன். புதுசை ஒழுங்காக அழுக்காக்க ரொம்ப சுத்தமான கை வேண்டும் ஐயா. இது எல்லோருக்கும் புரியாது.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில், அகலப் பாதை போடுவதற்காக மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். மறு வருடமே நான் கூடத்தில் பெரிய பலகை போட்டு, கடலூர் முதுநகர் ஸ்டேஷனை அதன்மேல் கட்ட ஆரம்பித்தேன். மூன்று வருட வேலை. எழிலரசி கூடத்தில் சாப்பாட்டு மேசை போடலாம் என்று நினைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன்.

அன்பரசு சிதம்பரத்துக்காரர். அதே மீட்டர் கேஜில் பதினாறு வருடம் டீசல் அசிஸ்டென்டாக, அதாவது டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவராக, இருந்தவர். சனிக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்க வருவார். தூக்கில் கத்தரிக்காய் கொத்சு கொண்டுவருவார். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். மாடல் ரயிலுக்குக் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் போகும். தண்டவாளத்தில் தூசி படிந்தால் வண்டி நின்றுவிடும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். இவர் என்ன செய்வார் தெரியுமா? ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து எடுத்து, அந்த எச்சில் விரலால் தண்டவாளத்தை ஒரு இழுப்பு இழுப்பார். கொத்சு தின்ற வாய். எங்கள் வீட்டில் தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிப்போம்.

“மச்சான், எச்சி படுது. பித்தளை கறுத்துடும்” என்றேன்.

“அட, போங்க மாமா. நெசத் தண்டவாளத்துல மாடு சாணி போடுது, மனுசன் இன்னா இன்னாவோ போறான். வண்டி நின்னா பூடுச்சு?”

நான் பொறுமைசாலி. ‘தண்டவாளத்தைத் தொடாதீர்’ என்று அழகாக எழுதி மாட்டினேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, எழுத்து நல்லா இருக்குது மாமா என்று பாராட்டிவிட்டுத் தொட்டார். தண்டவாளத்தில் வேப்பெண்ணெய் தடவி வைத்தேன். அன்றைக்கு வண்டி ஓடவில்லை, அது என் நஷ்டம். அவர் இழுத்தார், திரும்பவும் விரலை நாக்கில் வைத்தார், முகம் கோணினார். “கசக்குது மாமா. வயித்துக்கு நல்லது” என்றார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பிப்ரவரியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி வைத்தார்கள். தபால் தலை, போன்சாய் மரம், நடுவில் என் கடலூர் முதுநகர். தலைமை விருந்தினர் சௌந்தரம் டீச்சர், தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து நின்ற நேரம் பார்த்து வண்டி நின்றுவிட்டது. நான் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அன்பரசு கூட்டத்திலிருந்து எட்டி, விரலை நாக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வண்டி கிளம்பியது. கூட்டம் கை தட்டியது. மூன்று வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது, ஐயா. எச்சிலுக்குக் கிடைத்தது.

அதோடு விட்டாரா? “ஹாரன் மட்டும் எடம் மாறிடுச்சு மாமா. நீங்க டிரைவர் பக்கம் வச்சிருக்கீங்க. நெசத்துல அசிஸ்டென்ட் பக்கம். பதினாறு வருசம் என் தலைக்கு மேலதான் கத்துச்சு. இந்தக் காது மந்தமானதே அதாலதான்” என்று காதைத் தொட்டுக் காட்டினார். சௌந்தரம் டீச்சர் சிரித்தார். “ரயில் கட்டினவரு இவரு, ரயில் தெரிஞ்சவரு அவரு” என்றார். அதன்பிறகு எல்லோரும் அன்பரசுவைச் சுற்றி நின்று ரயில் கதை கேட்டார்கள். நான் போன்சாய் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நாலு நாள் தூங்கவில்லை, அது கொசு. தெருவில் இரண்டு பேர் டீச்சர் சொன்ன அந்த வசனத்தை என்னிடமே சொன்னார்கள். நான் சிரித்தேன். என் பிரச்சினை எச்சில் மட்டும்தான். அதை நீங்கள் அடிக்கோடிட்டு எழுத வேண்டும்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. புதுப் பாதையில் வண்டி விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. அன்பரசு முதல்முறையாக அந்த ரயிலிலேயே வந்திருந்தார். நான் காலையிலேயே தயாராகிவிட்டேன். பலகைக்கு அடியில் ஒரு ஒயரை இடம் மாற்றினேன். பன்னிரண்டு வோல்ட் போகிற தண்டவாளத்தில் வீட்டுக் கரண்ட் நேராகப் போகும்படி. சுத்தமான வேலை. ஒரு இணைப்புகூடத் தளர்வாக இல்லை, ஒரு இழைகூட வெளியே தெரியவில்லை. எஞ்சினை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். அவ்வளவு கரண்டில் மோட்டார் கருகிவிடும் அல்லவா. தண்டவாளத்தில் எஞ்சின் இல்லாமல் வெறும் பெட்டிகள் நின்றதை உங்கள் ஆட்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அன்பரசு கேட்டார். “எஞ்சின் எங்க மாமா?”

“ஓவர்ஹாலுக்குப் போயிருக்குது.”

“நம்ம ஊரு எஞ்சின் ஷெட்டு மாதிரியே ஆயிட்டீங்க” என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “அன்னிக்கு நாலு பேர் எதிர்ல ஹாரனப் பத்திப் பேசியிருக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இந்த ஊருல ஒங்களுக்கு இருக்குற கை எவனுக்கும் கெடையாது” என்றார். நான் பரவாயில்லை என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

உள்ளேயிருந்து எழிலரசி குரல் கொடுத்தாள். “அன்பு, சோறு போட்டாச்சுடா, வா.” மந்தமான காது அந்தப் பக்கம் இருந்தது. அவர் திரும்பவில்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “தூசி அடைஞ்சிருக்குது மாமா” என்று சொல்லி விரலை நாக்கில் வைத்தார். காது மந்தம் என்று அவர் சொன்னது நிஜம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரொம்ப நேரம் ஆகவில்லை. அவர் விழுந்த பிறகு ஒயரை மறுபடி மாற்ற எனக்குத் தோன்றவில்லை. மெயினை அணைத்துவிட்டு எழிலரசியைக் கூப்பிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஹாரனைப் பெயர்த்து அசிஸ்டென்ட் பக்கம் வைத்தேன். அவர் சொன்னதற்காக இல்லை. ஒரு பழைய போட்டோ கிடைத்தது, அதில் அப்படித்தான் இருந்தது. அந்தப் போட்டோ இப்போது எங்கே என்று கேட்காதீர்கள், தேடினால் கிடைக்காது.

நானாக இங்கே வந்திருக்கவே மாட்டேன். எழிலரசிதான் வரவழைத்தாள். சாப்பாடு போடும்போதெல்லாம் அழுகிறாள். அழட்டும், தம்பி அல்லவா. ஆனால் என்ன சொல்லி அழுகிறாள்? “ஒங்க வயரிங்குதாங்க என் தம்பியக் கொன்னுச்சு. ஒரு எலக்ட்ரீசியன வச்சுப் பாருங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன்.” தெருவும் அதையே சொல்கிறது. நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். அரைகுறை வேலை செய்கிறவன் என்று ஒரு பெயரோடு நான் இந்த ஊரில் எப்படி நடமாடுவேன்? என் வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. எதற்காகச் செய்தேனோ அதை அது சரியாகச் செய்தது. அவரை நான்தான் கொன்றேன். நாலாவது வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.

எழுதியதைக் கொடுங்கள், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். ஏழு பக்கமா? இரண்டாம் பக்கத்தில் பொம்மை ரயில் என்றே எழுதிவிட்டார் உங்கள் எழுத்தர், மாடல் என்று திருத்திச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். மற்றபடி சரி. புதுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது, முப்பத்தோரு வருடப் பழக்கம். என்ன ஐயா, தாளைப் பார்க்காமல் என் விரலையே பார்க்கிறீர்கள்?