அம்மாக்கண்ணு அக்காவின் கரண்டியும் வயிற்றுக்குள் வாழும் குடிகளும்

மலையை மறைக்கும் மூடுபனியையும் மதியாமல், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இந்தப் பெரட்டுக்களத்தில் மாலையிலும் திரண்டிருக்கும் மாண்புமிகு மக்களே! கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோயில் கமிட்டித் தலைவர், அக்கரப்பத்தனைக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் பறந்துவிடுவாரோ என்று நாம் கவலைப்படும் மெல்லிய மேனியர், சின்னத்தம்பி அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! கூடையை இறக்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்க்கும் லக்ஸ்மனாகிய நான் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன பேச வந்தேன்? தேரைப் பற்றியா? திருவிழாவைப் பற்றியா? இல்லை! ஒரு கரண்டியைப் பற்றிப் பேச வந்தேன். அன்னதானக் கரண்டி! போன திருவிழா வரை அது அம்மாக்கண்ணு அக்காவின் கையில் இருந்தது. அன்று சர்க்கரைப் பொங்கல் பாதிப் பந்தியிலேயே தீர்ந்தது. உங்கள் கண்களெல்லாம் எங்கே போயின? அக்காவின் இடுப்புக்குப் போயின! “வேற யாரு தின்னுருப்பா? ஆளப் பாத்தாலே தெரியலையா?” என்றீர்கள். கரண்டியைப் பிடுங்கினீர்கள். இந்த வருடம் அது யார் கைக்கு என்று முடிவெடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

யாரது பின்னால்? “அப்ப பொங்கலு எங்கதான் போச்சு?” என்கிறீர்களா? வருகிறேன் ஐயா, அங்கேதான் வருகிறேன்!

அக்கா தின்பது நாம் தின்னும் அதே ரொட்டி, அதே தேங்காய்ச் சம்பல், அதே பால் போடாத சாயத்தண்ணி. ஏறுவது அதே மலை. பின் ஏன் ஒருவர் பருக்கிறார், ஒருவர் மெலிகிறார்? இதை ஆராயத்தான் யாழ்ப்பாணத்து டாக்டர் சிவகௌரி அம்மா இங்கே வந்தார். கொழும்பார் குடலிலும், கடலோரத்தார் குடலிலும், மலையகத்தார் குடலிலும் குடியிருக்கும் கிருமிகள் ஒன்றா வேறா என்று பார்க்க, நாம் காலையில் கழிப்பதைக் கொஞ்சம் போத்தலில் போட்டுக் கேட்டார். சிரிக்காதீர்கள் தாய்மார்களே! முதல் போத்தலைக் கொடுத்தவர் அக்காதான். “என் வயித்தயே கேளுங்கம்மா. அது பொய் சொல்லாது” என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார்.

அடுத்துக் கொடுத்தவர் என்னோடு ஃபெக்டரியில் வேலை பார்க்கும் நம் சோலைமலை. சோதனை என்றால் நமக்கு என்ன தெரியும்? தேயிலை சாம்பிள் டப்பாதானே தெரியும்! போத்தல் போதாதென்று டப்பாவில் அடைத்து, பழக்கத்தில் ஃபெக்டரி சாம்பிள் தட்டிலேயே வைத்துவிட்டார். தேயிலைத் தரம் பார்க்கும் டீமேக்கர் ஐயா மூடியைத் திறந்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். “டேய்! இது எந்த டிவிசன் கொழுந்துடா?” என்று அலறினார். அன்று முழுக்க அவர் தேத்தண்ணீரைத் தொடவில்லை.

டாக்டர் அம்மா என்ன சொன்னார்? “இந்தக் கிருமிகள் ஊருக்கு ஊர், சாப்பாட்டுக்குச் சாப்பாடு மாறும். ஒரே ரொட்டியில சிலரின்ர வயிறு கூடச் சத்து எடுக்கும்போல கிடக்கு. இன்னும் ஆராய வேணும். ஆனா உடம்பைப் பாத்து ஒருத்தரையும் கள்ளர் எண்டு சொல்லேலாது” என்றார்.

இன்னும் ஒன்று. கொடுத்தவர்களிடம் சாப்பாட்டையும் விசாரித்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அக்காவைவிடப் பாதி எடைகூட இல்லாத ஒருவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: “போன திருவிழாவுக்குப் பொங்கலுங்க. பந்திக்கு முன்னாடியே ஒரு வாளி தின்னேங்க.” பெயரைச் சொல்லமாட்டேன். தலைவர் அவர்களே, ஏன் இத்தனை தண்ணீர் குடிக்கிறீர்கள்?

பொறுங்கள், பொறுங்கள்! தலைவர் எழுந்துவிட்டார். மைக்கைக் கொடுங்கள் அவருக்கு.

“நாந்தாங்க. ஒல்லியா இருக்கேன்னு என்னய யாருமே கேக்கலங்க. அக்காவத்தான் கேட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன்.”

கேட்டீர்களா? பருத்தவர் எல்லாம் திருடரா? மெலிந்தவர் எல்லாம் முனிவரா? இடுப்பை அளந்து இதயத்தை எடைபோட எவருக்கு உரிமை உண்டு? எனக்கு இல்லை! உங்களுக்கு இல்லை! இந்தக் கமிட்டிக்கும் இல்லை! ஒரு வருடம் அந்தத் தாய் தலைகுனிந்து நடந்தாரே, அதற்கு யார் பதில் சொல்வது?

இதோ, தலைவரே கரண்டியை நீட்டுகிறார். மேலே வாருங்கள் அக்கா. ஏதாவது சொல்லுங்கள்.

“மொதக் கரண்டி தலைவருக்குத்தாங்க. இந்த வருசம் எல்லாரு முன்னாலயும் ஒக்காந்து திங்கட்டும்.”

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? பனியிலும் பசியிலும் செவிசாய்த்த உங்களுக்கு நன்றி. பந்தியில் சந்திப்போம், வணக்கம்!