பென்காவின் துடைப்பக்கட்டை

மாலை ஐந்தேகால் மணி. எங்கள் வித்தின் ஊரில் நவம்பர் மாதத்து ஐந்தேகால் என்றால் நடுநிசிக்குப் பக்கம்தான். தன்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி அவ்வளவு கெட்டி... சைக்கிளை அதன்மேல் சாய்த்து நிறுத்தலாம். நிறுத்தியிருக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஊருக்கு வரும் சாலை. ஒரு நாய்கூட இல்லை. ராட்கோ தனியாக வருகிறான். இதோ, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டுக்காரன் கிரிலுக்குச் சித்தப்பா மகன். அவன் அக்கா பென்கா செத்து நாற்பதாம் நாள். சர்க்கரை போட்ட அவித்த கோதுமையை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். சட்டைப்பையில் புது ரப்பர் வளையம் ஒன்று. குளியல் தொட்டியின் வடிகாலில் போட.

அதை வாங்க அவனுக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று.

"பதினொண்ணு," என்றான் கிரில், பிளம் சாராயத்தை ஊற்றியபடி.

சரி, பதினொன்று. அப்பா விட்டுப்போன வீடு. மேல்மாடி தம்பிக்கு, கீழ்த்தளம் அக்காவுக்கு. ராட்கோ தன் தொட்டியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, நீலப்பூ டைல்ஸ் ஒட்டினான். வடிகாலை எட்டிப் பார்க்க ஒரு சின்னக் கதவு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நம் ஊரில் யார்தான் விடுகிறோம்? அழகு கெட்டுவிடுமே! ஒழுக ஆரம்பித்தது. டைல்ஸை உடைத்தால்தான் சரிசெய்ய முடியும். உடைக்க மனம் வரவில்லை. அக்கா வீட்டு மேற்கூரையில் மஞ்சள் கறை சாப்பாட்டு மேசை அளவுக்கு வளர்ந்தது.

அவன் குளிக்கும்போதெல்லாம் கீழேயிருந்து அவள் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவாள். டொக். டொக். டொக்.

"டேய் ராட்கோ! உன் அழுக்குத் தண்ணி என் சூப்புல விழுதுடா!"

"குடை புடிச்சுக்கக்கா! சூப்புக்கு உப்பாவது மிச்சமாகும்!"

தெருவே சிரித்தது. எதிர்வீட்டு ஜன்னலில் நின்று நானும் சிரித்தேன்.

அக்டோபரில் ஒரு ராத்திரி... தட்டல் வேறு மாதிரி வந்தது. தாழ்வாக. இரண்டு தட்டு... பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை... பிறகு ஒன்று. அன்று அவன் குளிக்கவே இல்லை. "குளிக்காத நாள்லயும் சண்டையா?" என்று ரேடியோவில் கால்பந்து வர்ணனையைக் கூட்டி வைத்தான். மறுநாளும் தட்டல். மறுநாளும் கால்பந்து.

மூன்றாம் நாள் தட்டல் இல்லை. ஒழுகிய தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, துடைப்பக்கட்டையால் சுவரைத் தட்டியபடியே கிடந்திருக்கிறாள் பென்கா.

சாவு விழுந்த வீட்டில் பாத்திரத்துத் தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டுமல்லவா? ஒழுகலுக்கு அடியில் அவள் வைத்திருந்த பேசின் பாத்திரத்தை ராட்கோவே கவிழ்த்தான். கீழ்வீட்டைப் பூட்டினான். அப்புறம் நாற்பது நாளும் அவன் தொட்டியில் கால் வைக்கவில்லை. அந்த நாற்றத்தில் ஏழு பூனைகள் தெருவைக் காலிசெய்துவிட்டுப் போயின.

"ரெண்டு," என்றான் கிரில்.

இரண்டு. ஆனால் தட்டல் திரும்ப வந்தது. தினமும். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து. நாற்பதாம் நாள் முடிவதற்குள் ஒழுகலை அடைத்துவிட்டால் அக்கா நிம்மதியாகப் போய்விடுவாள் என்று நம்பினான், பாவி.

கல்லறையிலிருந்து வீடு வந்தவன் மேல்கோட்டுகூடக் கழற்றவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்தான். நீலப்பூக்கள் சில்லுசில்லாகச் சிதறின. உள்ளிருந்து பதினொரு வருஷத்துப் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. கையை விட்டு வடிகாலின் அடியிலிருந்த மரை நட்டைத் திருகிக் கழற்றினான். பழைய வளையம் நமுத்த ரொட்டிபோல விரலிலேயே உதிர்ந்தது. அழுக்கை வழித்துத் துடைத்தான். புதியதைப் பொருத்தி, மரையை இறுக்கினான். அடியில் செய்தித்தாளை விரித்து, தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, அடைப்பானைப் பிடுங்கினான். களகளவென்று வடிந்தது. செய்தித்தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

மொத்தம் இருபது நிமிட வேலை.

கிரிலைப் பார்த்தேன். அவன் திருத்தவில்லை. இருபதுதான்.

டொக். டொக். டொக்.

ராட்கோ சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனான். இருட்டு அறை. அவன் கவிழ்த்துவிட்டு வந்த பேசின்... நிமிர்ந்திருந்தது. விளிம்பு தட்ட நிறைந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு. பென்காவின் ரோஜா சோப்பு வாசனை.

மாடிக்கு ஓடினான். கதவைத் தாழிட்டான். தொட்டியருகே மூச்சு வாங்க நின்றான்.

வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு.

வெதுவெதுவென்று. ரோஜா வாசனையோடு.

நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு மேலே யாரும் குடியில்லை. ஓடு. ஓட்டுக்கு மேலே பனி. அவ்வளவுதான். இன்னொரு சொட்டு... இன்னொன்று... குடையை எடுத்து விரித்தான். காலடியில் தரை நனைந்து வழவழத்தது.

இரண்டு நாள் கழித்துக் கிரில்தான் கதவை உடைத்தான். இடுப்பெலும்பு முறிந்து, விரித்த குடைக்கு அடியில் கிடந்தான் ராட்கோ. கையில் சுத்தியல். தரையை ஒட்டிச் சுவர் முழுக்கக் குழி. ஆஸ்பத்திரி போகிற வழியில் கிரிலிடம் சொன்னதுதான் இவ்வளவும். போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

"தெருவுல ஒருத்தனுக்குமா கேக்கல?" என்று போலீஸ்காரன் விசாரித்தான்.

எனக்குக் கேட்டது. இரண்டு நாளும் கேட்டது. புது டைல்ஸ் ஒட்டுகிறான் என்று நினைத்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

அந்தக் குடை இப்போது இந்த வீட்டு நடையில்தான் தொங்குகிறது. வரும்போது பார்த்திருப்பீர்கள், கறுப்புக் குடை, அடியில் ஒரு தகரத் தட்டு. ஆறு வருஷமாகக் காயவில்லை. தினமும் அந்தத் தட்டு நிறைகிறது. வெதுவெதுப்பாக.

"என்ன கிரில், சும்மா இருக்க? திருத்தேன்டா."

கிரில் கோப்பையை வைத்துவிட்டு, தட்டைக் கொட்ட எழுந்து போனான்.