பெட்டியில் விழுந்த குரல்

— அதெல்லாம் இருக்கட்டும்க்கா. நான் குடுத்த கார்ட்லெஸ் ஃபோனை எடுத்துக்கிட்டு மொட்டைமாடில நின்னு பேசினப்ப கேட்டுச்சா, கேக்கலயா? முதல்ல அதைச் சொல்லு.

— கேட்டுச்சுப்பா. ஒரு கையில துணி உதறிக்கிட்டே பேசினேன். பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருந்துச்சு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால போனா மட்டும் கொரகொரங்குது.

— அது பரவாயில்ல, எழுதிக்கறேன். பட்டன் எப்படி?

— பட்டனா அது? எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு. இப்பல்லாம் வீட்டுக்கு ஃபோன் வாங்கறதே வயசானவங்கதான். அவங்க கண்ணாடிக்கு மேல கண்ணாடி போட்டாத்தான் நம்பர் தெரியும். உங்க கடை மேனேஜர்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லு.

— சொல்றேன், சொல்றேன். கூப்பிடறவங்க பேரைச் சொல்லுமே, அது?

— ஐயோ, அதை நினைச்சு தனியா சிரிச்சேன். கேஸ்காரர்னு போட்டு வச்சேன். ஜலதோஷம் பிடிச்சவன் திட்டற மாதிரி சொல்லுது.

— சரி, முக்கியமானதுக்கு வரேன். அதாவது, நாம இல்லாதப்ப செய்தி பிடிச்சு வைக்குதே, அந்த மெஷின். அதை நம்பித்தான் இந்த மாடலைக் கடைக்கு எடுக்கலாமான்னு யோசிக்கறாங்க. அது எப்படி வேலை செய்யுது?

— அதைத்தான் சொல்ல நினைச்சேன், ராசா. இதை எடுத்துக்கிட்டுப் போயிடு. இன்னைக்கே.

— ஏன், ரிப்பேரா?

— ரிப்பேர்னா ரிப்பேர்னு சொல்லிட்டுப் போறேன். மணியே அடிக்கலப்பா. நான் சமையக்கட்டுல நிக்கறேன், ஃபோன் இங்க ஹால்ல இருக்கு. ஒரு சத்தமில்ல. வந்து பாத்தா சிவப்பு விளக்கு மினுக்குது, செய்தி இருக்குன்னு.

— யார் நம்பர்?

— நம்பர் எங்க இருக்கு? வெறும் கோடு. நீயே அமுக்கிக் கேளு. நான் உள்ள போயிடறேன்... இல்ல, வேணாம், இங்கயே நிக்கறேன்.

— இரு இரு, சத்தத்தைக் கூட்டறேன். மூச்சு வாங்கற மாதிரி இருக்கு. என்னமோ உரசுது. இதுக்கா பயந்தே?

— இன்னும் கேளு.

— அக்கா... 'குட்டி, இருக்கியாடா'ன்னு கேக்குதே!

— உன்னைக் குட்டின்னு கூப்பிடற வாய் இந்த உலகத்துல ஒண்ணுதானே இருந்துச்சு.

— அம்மா குரல்தான் இது. அம்மாவேதான்.

— அம்மா பேசி எத்தனை வருஷமாச்சு! மாடிப்படியில விழுந்தப்ப 'ஐயோ'ன்னாளே, அதான் கடைசி. தலையில பலமா அடி, பேச்சும் வராது நடையும் வராதுன்னு டாக்டர் உன்னையும் வச்சுக்கிட்டுத்தானே சொன்னார்?

— பழைய பதிவு ஏதாவது...

— நீதானே கவரைக் கிழிச்சு வெளிய எடுத்தே? புத்தம் புதுசு. அதுல அம்மாவோட பழைய குரல் எங்கேருந்து வரும்?

— பக்கத்து வீட்டுப் பேச்சும் இதுல கலக்க வழியில்லயே. அந்தக் காலத்து செட்டு இல்ல இது.

— எனக்கு ராத்திரி தூக்கமே போச்சுப்பா. உயிர் இருக்கறப்பவே ஒருத்தி குரல் மட்டும் தனியாக் கழண்டு வீட்டுக்குள்ள அலையுமா?

— சும்மா இரு அக்கா, நீ வேற. அம்மா ரூம்ல இன்னொரு ரிசீவர் வச்சோமே? அங்க நடக்கற சத்தம் சமையக்கட்டுல உனக்குக் கேக்கட்டும்னு. அதுலேருந்தும் மணி அடிக்காமலே இந்த மெஷின்ல பேசிப் பதிய வைக்கலாம்.

— யாரு பதியறது? அதை அலமாரி உச்சியில வச்சிருக்கேன், நானே ஸ்டூல் போட்டு ஏறித்தான் வச்சேன். ஒரு ஸ்பூனைப் பிடிக்கத் தெம்பில்லாதவ அலமாரி ஏறி ஃபோனை எடுத்தாளாக்கும்?

— அதுவும் சரிதான். அந்த வசதியாவது ஒழுங்கா வேலை செஞ்சுச்சா? ரூம்ல என்ன கேட்டுச்சு?

— அதையும் கேட்டுட்டியா. ரூம்ல நிக்கறப்ப அவ மூச்சு நல்லாக் கேக்கும். வெளிய வந்து, சமையக்கட்டுல ஃபோனைக் காதுல வச்சேன்னு வையி, மூச்சு நின்னுடும். ஃபேன் சத்தம் மட்டும்தான். நான் கேக்கறதை அங்கேருந்து யாரோ கேட்டுக்கிட்டிருக்கற மாதிரி.

— நான் போய் அம்மாவைப் பாத்துட்டு வரேன்.

— இப்ப வேணாம். மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கேன். கதவையும் பூட்டிட்டேன்.

— பூட்டுவியா?

— காத்துல கதவு அடிச்சா முழிச்சுக்கறா. ஏன், குத்தம் சொல்றியா? குளிப்பாட்டறது, நகம் வெட்டறது, வாய் துடைச்சு விடறது எல்லாம் நான்தான். தலை வாரி விடறப்ப என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா, தெரியுமா? இப்பத்தான்டா அவ எனக்கு அம்மாவா இருக்கா. முன்னெல்லாம் வாயைத் திறந்தா குட்டி, குட்டி.

— குத்தம் சொல்லலக்கா. நீ இல்லன்னா அம்மா இல்ல. எனக்கு மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு எங்கூட வந்து இருக்கறேன்னுதானே கிளம்பினா? நான் வாசல்ல வண்டியோட நின்னுக்கிட்டு ஹாரன் அடிச்சேன். அவசரத்துல தடுக்கி விழுந்துட்டாளோன்னு...

— உன் மேல தப்பில்ல. பெட்டியைக் குடும்மா, நான் தூக்கறேன்னு பின்னாலயே வந்தேன். கேக்கல. நான் இந்தப் பக்கம் இழுக்க, அவ அந்தப் பக்கம் இழுக்க... விடு. எதுக்கு அந்தப் பேச்சு?

— பெட்டியைப் பிடிச்சு இழுத்தியா? இதை நீ சொன்னதே இல்லயே.

— சொல்ல என்ன இருக்கு? அவ போயிட்டா இவ்வளவு பெரிய வீட்டுல நான் யாரோட பேசுவேன்? ஒரு நாள் தள்ளிப் போயேன்னு கெஞ்சினேன். அவ்வளவுதான். இந்தா, வயரைச் சுத்தி டப்பாவுல போடு.

— இரு, மணி அடிக்குது.

— இது வழக்கமா அடிக்கற மணி இல்லயே.

— வீட்டுக்குள்ளேயே ஒரு ரிசீவர்லேருந்து இன்னொண்ணைக் கூப்பிட்டா இப்படித்தான் அடிக்கும். திரையில 'அம்மா ரூம்'னு வருது.

— எடுக்காதே! உள்ள அம்மாவைத் தவிர யாரும் இல்ல. நான்தானே பூட்டினேன்? டேய், எடுக்காதேன்னு சொல்றேன்ல!

— எடுத்துத்தான் பாக்கணும்க்கா. ஹலோ?

— குட்டி, அம்மாதான். நீ பேசாதே, காதுல மட்டும் வாங்கிக்கோ. உன் குரல் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு.

— யாருடா? என்ன சொல்லுது? முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?

— இரு அக்கா. சரியா கேக்கல.

— நடை திரும்பி ரொம்ப நாளாச்சுடா. பேச்சும் வரும். அவளுக்குத் தெரியாது. மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பிடறேன். அன்னைக்கு நான் தடுக்கி விழல, குட்டி. உங்கக்காதான் முதுகுல கை வச்சுத் தள்ளினா. நான் கட்டையாக் கிடக்கற வரைக்கும் அவ என்னைத் தங்கமாத்தான் பாத்துக்கறா. எழுந்து நடந்தா மறுபடியும் படிதான். அவ பக்கத்துல நிக்கறாளா?

— டேய், உன்னைத்தான் கேக்கறேன். யாரு அது? அம்மா குரலா?

— ஒண்ணுமில்லக்கா, வெறும் இரைச்சல். மெஷினே சரியில்ல. நீ அந்த ரூம் சாவியைக் குடு, உள்ள இருக்கறதையும் எடுத்துக்கிட்டு நான் இப்பவே கிளம்பறேன்.