கரன்ட் கேட்கிற நெருப்பு

உறைமழையில் மின்கம்பிகள் அறுந்து நகரத்தில் பாதி இருண்டு கிடந்த வாரம். கோட்-டெ-நெய்ஜ் தெருப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் ஒரு போர்வை மூட்டை.

"எங்கட வீட்டு நெருப்புக்குக் கரன்ட் வேணுமாம், அக்கா."

"நெருப்புக்கோ?"

"ஓம். சுவரில இருந்த நல்ல விறகடுப்புக்குள்ள, நான் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல, இவர் ஒரு புது அடுப்பைச் செருகினவர். அது மரத்தூளை இறுக்கிச் செய்த குளிசைதான் தின்னும். அதை அள்ளித் தீத்திவிட ஒரு மோட்டர், வீட்டுக்குள்ள சூட்டை ஊத இன்னொரு மோட்டர்."

"விறகைப் போட்டு எரியுங்கோவன்."

"ஏலாது. பிள்ளையள் விறைக்கத் தொடங்கினவுடனை கரன்ட் இருக்கிற தங்கச்சி வீட்டில கொண்டுபோய் விட்டிட்டன். நானும் அங்கதான் போறன்."

"அவர் வரேல்லையோ?"

"கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால இருக்கிறார். வெளிக்கிட்டால் நான் சொன்னது சரியெண்டு போயிடுமெல்லே."